நெஞ்சின் நடுவே தோன்றும் கட்டி
உடல்நலப் பகுதி

நீடித்த இருமலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஒன்று, இம்மாதப் பகுதி முழுவதையும் தனக்கென்றே வேண்டி நிற்கிறது. எழுதியவர் ஒரு தாயார். அவருடைய மூத்த மகனுக்கு வயது 26, தொழிற்சாலையில் வேலை, நண்பர்கள் நால்வரோடு ஓர் அறையில் வாசம். மூன்று மாதங்களாக வறட்டு இருமல். முதலில் தூசியினால் என்றார்கள். பிறகு காசநோயாக இருக்கலாம் என்று சொல்லி, சளிப் பரிசோதனை இல்லாமலே மாத்திரை தொடங்கினார்கள். ஐந்து வாரங்கள் சென்றும் குணமில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது; காலையில் எழுந்ததும் முகம் உப்பியிருக்கிறது; சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியவில்லை. ஸி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ‘முன் மீடியாஸ்டினத்தில் கட்டி’ என்று எழுதித் தந்து, சில இரத்தப் பரிசோதனைகளுக்கும் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அச்சீட்டைக் கண்ட பரிசோதனைக்கூட ஊழியர், “பீட்டா எச்.சி.ஜி. என்பது கர்ப்பிணிகளுக்குச் செய்வதாயிற்றே, ஆண்பிள்ளைக்கு எதற்கு?” என்று கேட்டாராம்.

அம்மையார் வினவுவன மூன்று. இது காசநோய்தானா, வேறொன்றா? அந்த இரத்தப் பரிசோதனை கைதவறி எழுதப்பட்டதா? மகனை ஊருக்கு அழைத்துச் சென்று, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை முடித்துவிட்டுச் சாவகாசமாக வைத்தியத்தைத் தொடங்கலாமா?

கடிதத்தைக் கொண்டு நோயை நிர்ணயிப்பது வைத்திய முறையன்று. ஆயினும், மாத இதழ் வெளிவரும் வரை காத்திருக்கலாகாத செய்தி ஒன்று இதில் இருந்தமையால், அவருக்கு அன்றே தனியாக எழுதிவிட்டோம்: சீட்டு தவறானதன்று, நன்கு அறிந்த ஒருவர் எழுதியது, மறுநாள் காலையிலேயே அந்த இரத்தத்தைக் கொடுத்துவிடுங்கள், பயணத்தை ஒத்திப்போடுங்கள். அப்படி எழுதியதன் காரணங்களை இங்கே விரிவாகச் சொல்வோம். வீட்டை விட்டு நெடுந்தூரம் வந்து உழைக்கும் இளைஞர்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். இந்நோய் தாக்குவதும் பெரும்பாலும் அவ்வயதினரையே.

மீடியாஸ்டினம் என்பது இரண்டு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட வெளி. முன்னே மார்பெலும்பும் பின்னே முதுகெலும்பும் அதன் எல்லைகள். இதயம், அதனின்று புறப்படும் பெருநாடி, தலையிலும் கைகளிலும் இருந்து இரத்தத்தைத் திரும்பக் கொணரும் மேற்பெருஞ்சிரை, மூச்சுக்குழல், உணவுக்குழல், நிணநீர்க் கணுக்கள் ஆகிய யாவும் அச்சிறு இடத்தில், மும்பைச் சாலில் குடித்தனங்கள் அடைந்து கிடப்பதுபோல, ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வயிற்றில் கட்டி வளர்ந்தால் வயிறு பெருத்து இடங்கொடுக்கும். இங்கே சுவர்கள் எலும்பாலானவை. புதிதாக ஒன்று வளரின், அது பழைய குடிகளை நெருக்கியே தீரவேண்டும். நெருக்கப்படுவது எதுவோ அதற்கேற்பவே நோய்க்குறியும் தோன்றும்.

இவ்வெளியின் முற்பகுதியில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் நான்கு வகையின. தைமஸ் என்னும் சுரப்பியிலிருந்து எழுவது ஒன்று. கழுத்தின் தைராய்டு வீங்கி மார்புக்குள் இறங்குவது ஒன்று. நிணநீர்ப் புற்றாகிய லிம்ஃபோமா ஒன்று. நான்காவதே நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ஜெர்ம் செல் டியூமர் எனப்படுவது. பெரியவர்களுக்கு முன் மீடியாஸ்டினத்தில் வரும் கட்டிகளில் இது ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடுதான். மீடியாஸ்டினக் கட்டிகளே அரியவை. அவற்றுள்ளும் இது சிறுபான்மை. பல ஆண்டுகள் தொழில் செய்த பொது வைத்தியர்கள்கூட ஒன்றையேனும் கண்டிராமல் இருக்கக்கூடும். அது அவர்களுடைய குற்றமாகாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஜெர்ம்’ என்றவுடன் கிருமி என்று பொருள்கொண்டு, ‘கிருமி அணுக் கட்டி’ என மொழிபெயர்த்து அச்சமூட்டுவாரும் உளர். அவ்வாறு கேள்வியுற்ற குடும்பம் நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைத்தால் வியப்பில்லை. ஈண்டு ‘ஜெர்ம்’ என்பதற்கு முளை, வித்து என்பதே பொருள். கருவணுவையும் விந்தணுவையும் பின்னாளில் உண்டாக்க வேண்டிய ஆதி உயிரணுக்களே இவை. வித்துயிரணுக் கட்டி என்பது பொருந்தும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. ஓரறையில் வாழும் நண்பர்களுக்கு இதனால் யாதொரு பயமும் இல்லை.

விரையிலும் சினைப்பையிலும் இருக்க வேண்டிய உயிரணு மார்புக்கு எப்படி வந்தது? தாயின் வயிற்றில் கரு உருவாகும் முதற்சில வாரங்களில், இவ்வுயிரணுக்கள் விரையில் பிறப்பதில்லை. கருவுக்கு வெளியே, மஞ்சட்கருப்பை எனப்படும் பையின் சுவரில் தோன்றி, உடலின் நடுக்கோட்டை ஒட்டிப் பயணம் செய்து தம்முடைய இடத்தை அடைகின்றன. அவ்வழியில் ஒரு சில தவறித் தங்கிவிட்டு, பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பிறகு கட்டியாக வளர்கின்றன என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். வேறு கருத்துகளும் உண்டு. நடுக்கோட்டை ஒட்டியே, அதாவது மார்பின் நடுவிலும், வயிற்றின் பின்சுவரிலும், மூளையின் நடுப்பகுதியிலும், இத்தகைய கட்டிகள் காணப்படுவது அவ்விளக்கத்துக்கு ஆதரவாக இருக்கிறது.

இவற்றுள் தீங்கற்ற வகை முதிர்ந்த டெரட்டோமா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் வருவது. வெட்டிப் பார்த்தால் உள்ளே தோலும், கொழுப்பும், மயிரும், சில சமயம் பல்லும்கூட இருக்கும். பழங்காலத்தில் இதைச் செய்வினை என்று நம்பியவர்கள் இருந்திருந்தால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மிக அரிதாக, இது மூச்சுக்குழலுக்குள் உடைத்துக்கொண்டு, நோயாளி இருமும்போது மயிரே வெளிவருவதும் உண்டு. பெரும்பாலோருக்கு எந்த உபாதையும் இராது. வேறு காரியத்துக்காக எடுத்த எக்ஸ்-ரே படத்தில் தற்செயலாகத் தென்படும். ரண சிகிச்சையால் முழுவதும் நீக்கிவிட்டால் நோய் தீர்ந்தது.

தீங்குடைய வகைகள் இரண்டு: செமினோமா ஒன்று; செமினோமா அல்லாதவை என்று தொகுத்துச் சொல்லப்படுவது மற்றொன்று. இவ்விரண்டும் வருவது 10-க்கு 9 பங்குக்கு மேல் ஆண்களுக்கே. அதுவும் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள். எந்த வகை என்று அறிவது வெறும் ஏட்டுக் கல்வியன்று. சிகிச்சையின் அளவும், பிழைக்கும் வாய்ப்பும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

இனி நோய்க்குறிகள். கட்டி சிறிதாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வளர்ந்து மூச்சுக்குழலை அழுத்தினால் வறட்டு இருமலும், மூச்சிரைப்பும், நெஞ்சில் ஒருவித இழைப்பொலியும் உண்டாகும். ஆஸ்துமா என்று கருதி உறிஞ்சு மருந்து கொடுப்பது இவ்விடத்தில்தான். ஆஸ்துமாவிலும் படுத்தால் இரைப்பு மிகலாம். ஆயினும் மல்லாந்து படுத்தவுடன் மூச்சுத் திணறுவதும், எழுந்து உட்கார்ந்தால் அல்லது முன்னே சாய்ந்தால் தணிவதும் மார்பின் நடுவே அடைப்பு உண்டோ என்று ஐயுற வேண்டிய குறி. நெஞ்சில் மந்தமான வலி, பாரம், மெல்லிய காய்ச்சல், எடை குறைதல் ஆகியனவும் வரலாம். குரல்நாண் நரம்பு அழுந்தினால் குரல் கம்மிப்போகும்.

மேற்பெருஞ்சிரை அழுந்துவதே இவற்றுள் மிகக் கவனிக்கத்தக்கது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இறங்கும் இரத்தம் தடைப்பட்டு, முகமும் கண்ணிமைகளும் கழுத்தும் வீங்கும். படுத்து எழுந்த காலை நேரத்தில் வீக்கம் மிகும். பகலில் சற்று வடியும். குனிந்து செருப்பு மாட்டினால் தலை கனத்து முகம் கருஞ்சிவப்பாகும். மார்பின் தோல்மேல் நீல நரம்புகள் புதிதாகப் புடைத்துத் தோன்றும். கழுத்துப் பட்டை இறுகிற்று என்று அம்மையார் எழுதியிருப்பது இதுவாக இருக்கலாம். உடம்பு பெருத்துவிட்டது, நல்ல சாப்பாடு கிடைக்கிறது போலும் என்று இதைக் கண்டு மகிழ்பவர்களும் உண்டு. காலும் வயிறும் மெலிய, முகமும் கழுத்தும் மட்டும் பெருப்பது ஆரோக்கியமன்று. இக்குறி கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் என்று சொல்லலாகாது.

இன்னொரு குறியை இளைஞர்கள் வெட்கத்தினால் மறைப்பார்கள். ஆணின் மார்பகம் பெண்ணினுடையதுபோல் பருத்து, காம்பின் கீழ் நொந்து வலிப்பது அது. பருவ வயதில் இது இயல்பாகவே வந்து மறைவதுண்டு. ஆனால் 25 வயதுக்குமேல் புதிதாக வந்தால் காரணம் தேடவேண்டும். இக்கட்டிகளில் சில, எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அதன் விளைவே இது.

இந்நோயின் முகத்தை நம் நாட்டில் கோடிக்கணக்கானோர் கண்டிருக்கிறார்கள்; கண்டும் அறியவில்லை. 2011-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம். மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து யுவராஜ் சிங் 113 ஓட்டங்கள் எடுத்தார். ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், மூச்சுக்குத் தவித்தார். வெயிலின் கொடுமை என்றே பார்த்தவர்கள் எண்ணினர். சென்னை வெயில் அப்படி எண்ணச் செய்வதும்தான். அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் அவரே பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில்தான், அவருடைய இரு நுரையீரல்களுக்கும் நடுவே கட்டி இருக்கிறது என்ற செய்தி நாட்டுக்குத் தெரிந்தது. அது மீடியாஸ்டின செமினோமா. அமெரிக்காவில் மூன்று சுற்று மருந்து ஏற்றிக்கொண்டு, 2012 ஏப்ரலில் நாடு திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 11-இல், அதே சேப்பாக்கத்தில், நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் மட்டை பிடித்தார். உடற்பயிற்சியில் ஊறிய, மருத்துவர் துணை எப்போதும் உள்ள ஒருவருக்கே நோய் வெளிப்பட இத்தனை காலம் ஆயிற்று என்றால், அறையில் நால்வரோடு தங்கி இரவு வேலைக்குச் செல்லும் இளைஞன் இருமலைப் பொருட்படுத்தாமல் இருப்பதில் என்ன வியப்பு?

காசநோய்க்கு வருவோம். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கின்றனர். ஆகையால் இருமலும் காய்ச்சலும் எடைக் குறைவும் கண்டால் நம் நாட்டு வைத்தியர் முதலில் காசநோயை நினைப்பது நியாயமே. நினைக்காவிட்டால்தான் தவறு. ஆனால் நினைப்பது வேறு, நிரூபிப்பது வேறு. சளியை எடுத்து ஜீன் எக்ஸ்பர்ட் என்னும் கருவியில் இட்டால், காசநோய்க் கிருமி உண்டா என்பதையும், முக்கிய மருந்தாகிய ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். அரசாங்கக் காசநோய் மையங்களில் இது இலவசம். நெஞ்சின் நடுக் கணுக்களில் காசநோய் இருந்து சளியில் கிருமி வராமலும் போகலாம். அப்போது கணுவிலிருந்தே ஊசியால் சிறிது எடுத்துப் பார்க்க வழியுண்டு.

எனவே எவரேனும் ஆறு மாத மாத்திரையைத் தொடங்கச் சொன்னால், “டாக்டர், காசநோய்தான் என்பதற்கு எந்தப் பரிசோதனை ஆதாரம்?” என்று பணிவாகக் கேட்பதில் மரியாதைக் குறைவில்லை. ஆதாரமின்றித் தொடங்க வேண்டிய நிலைமைகளும் உண்டு. நல்ல வைத்தியர் அதன் காரணத்தைச் சொல்லுவார். மருந்து தொடங்கிச் சில வாரங்கள் ஆகியும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனால், மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பதோடு நில்லாமல் நோய் இன்னதுதானா என்பதையே மறுபடி ஆராய வேண்டும். இதைப் படித்துவிட்டு, காசநோய் நிரூபணமான எவரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டா. அது பெருந்தீங்கு.

பரிசோதனை முறையைச் சொல்வோம். முதலாவது எக்ஸ்-ரே. நேரே எடுத்த படத்தில் நடு நிழல் அகன்று தோன்றும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் மார்பெலும்புக்குப் பின்னேயுள்ள வெளி அடைபட்டிருக்கும். சிறிய கட்டி இதயத்தின் நிழலில் ஒளிந்துகொள்வதும் உண்டு. அடுத்தது, நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் ஸி.டி. ஸ்கேன். கட்டி எங்கே, எதை அழுத்துகிறது, உள்ளே கொழுப்பும் சுண்ணமும் உண்டா, நுரையீரலிலோ கல்லீரலிலோ பரவியிருக்கிறதா என்பன எல்லாம் அதில் தெரியும். கொழுப்பும் நீரும் சுண்ணமும் கலந்து காணப்பட்டால் டெரட்டோமாவை எண்ணலாம். மற்றவற்றை நிழலைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது.

இங்கேதான் அந்த ‘கர்ப்பப் பரிசோதனை’ வருகிறது. கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடி சுரப்பது எச்.சி.ஜி. 1920-களின் பிற்பாதியில் பெர்லின் நகரத்தில் ஆஷைம், ஸாண்டெக் என்ற இருவர் கர்ப்பத்தை அறிவதற்கு இதைப் பயன்படுத்திக் காட்டினர். வித்துயிரணுவோ எல்லா வகைத் திசுவாகவும் மாறவல்லது. கட்டியானபோது சில சமயம் நஞ்சுக்கொடியின் திசுவாகவே மாறி, ஆணின் உடலிலும் அதே ஹார்மோனைச் சுரக்கும். அவ்வாறே, கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரலும் மஞ்சட்கருப்பையும் உண்டாக்கும் ஏ.எஃப்.பி. என்னும் புரதத்தையும் சில கட்டிகள் உண்டாக்குகின்றன. கட்டியொன்று இப்புரதத்தைச் சுரக்கும் என்பதை 1963-இல் மாஸ்கோவில் அபெலெவ் என்பவர் எலிகளில் கண்டறிந்தார். பிறந்து ஓராண்டு கடந்தபின் ஆரோக்கியமான உடலில் இது மிகச் சொற்பமே.

முன் மீடியாஸ்டினத்தில் கட்டியுள்ள ஓர் இளைஞனின் இரத்தத்தில் இவ்விரண்டில் ஒன்று மிக உயர்ந்திருந்தால், நோய் ஏறக்குறைய கையும் களவுமாகப் பிடிபட்டதாகும். செமினோமா அல்லாத வகையில் ஏ.எஃப்.பி. பெரும்பாலோருக்கு உயர்கிறது. தூய செமினோமாவில் அது உயர்வதே இல்லை, எச்.சி.ஜி. மட்டும் சிலருக்குச் சிறிதளவு உயரும். ஆதலால் திசுப் பரிசோதனை ‘செமினோமா’ என்று சொன்னாலும், ஏ.எஃப்.பி. உயர்ந்திருந்தால் மற்ற வகையும் கலந்திருக்கிறது என்று கொண்டு அதற்குரிய சிகிச்சையையே தருவார்கள். ஊசி முனையில் வந்த துணுக்கு பொய் சொல்லலாம். கட்டி முழுவதன் சாட்சியை இரத்தம் சொல்கிறது. எல்.டி.எச். என்னும் மூன்றாவது ஒன்றையும் உடன் பார்ப்பர். கல்லீரல் அழற்சி, கல்லீரல் புற்று ஆகியவற்றிலும் ஏ.எஃப்.பி. உயருமாதலால், எண்ணை மட்டும் பார்த்துத் தாமே முடிவுகட்டலாகாது. இரண்டும் சாதாரண அளவில் இருந்தாலும் இந்நோய் இல்லை என்று தீர்மானிப்பதற்கில்லை.

இரத்தத்தைச் சிகிச்சைக்கு முன்பே எடுக்கவேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். மருந்தோ அறுவையோ தொடங்கிவிட்டால் அளவு மாறிவிடும். ஏ.எஃப்.பி. ஐந்து முதல் ஏழு நாட்களில் பாதியாகக் குறையும், எச்.சி.ஜி. ஒன்று அல்லது ஒன்றரை நாளில். தொடக்க எண் கையில் இருந்தால்தான் பின்னர் மருந்து வேலை செய்கிறதா என்பதை அக்கணக்கைக் கொண்டு அறியலாம். அவ்வெண் இல்லாமற்போனால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

விரைகளையும் டாக்டர் கையால் பார்ப்பார்; ஒலியலைப் படமும் எடுக்கச் சொல்லுவார். நெஞ்சுக் கட்டிக்கு இதென்ன என்று பையன்கள் கூசுவது வழக்கம். நோய் விரையில் தொடங்கி மேலே பரவியதா, மார்பிலேயே பிறந்ததா என்பதை அறிவதற்காக அது. விரையில் சிறு கட்டியோ, பழைய தழும்போ இருந்தால் கணக்கே மாறிவிடும். வயிற்றையும் ஸ்கேன் எடுப்பதும் அதனால்தான். நெடிய உருவம், சிறிய விரை, மார்பகப் பருமன் ஆகியன சேர்ந்திருந்தால் குரோமோசோம் பரிசோதனையும் செய்யலாம். ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை உள்ளோருக்கு இக்கட்டி மற்றவர்களைவிட மிகுதியாக வருகிறது.

அடுத்தது திசுப் பரிசோதனை. ஸ்கேனின் வழிகாட்டுதலோடு தடித்த ஊசியால் துணுக்கு எடுப்பது வழக்கம். மெல்லிய ஊசியால் எடுத்த சில உயிரணுக்கள் பல சமயம் போதா. ‘ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்’ என்று பயந்து மறுப்பவர்களுக்கு ஒரு சொல்: வகை தெரியாமல் கொடுக்கும் மருந்தே அதைவிடப் பெரிய ஆபத்து. லிம்ஃபோமாவுக்கு ஒரு மருந்து, இதற்கு வேறு மருந்து, தைமஸ் கட்டிக்கு அறுவை முதலில். இரத்தக் குறியீடுகள் மிக உயர்ந்து, நோயாளியின் மூச்சும் நெருக்கடியில் இருந்தால், திசுவுக்குக் காத்திராமலே மருந்தைத் தொடங்கும் உரிமை நிபுணர்களுக்கு உண்டு. அத்தகைய நோய்களில் இது ஒன்று.

மயக்க மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிய கட்டி மூச்சுக்குழலை அழுத்திக்கொண்டிருக்கும்போது, நோயாளியை மல்லாத்தி முழு மயக்கம் கொடுத்தால், தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் முற்றிலும் அடைபடக்கூடும். படுக்க முடியாத நோயாளி, தான் உட்கார்ந்தே தூங்குவதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அவ்வாறே, திசு எடுக்குமுன் ‘வீக்கம் வடியட்டும்’ என்று ஸ்டெராய்டு கொடுத்துவிட்டால், லிம்ஃபோமாவாக இருக்கும் பட்சத்தில் அது சுருங்கி, திசுவில் அடையாளம் தெரியாமற்போகும். மூச்சுக்கே ஆபத்து என்றாலொழிய, திசு எடுத்த பின்னரே அது.

சிகிச்சையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1965-இல் அமெரிக்காவில் ரோஸன்பர்க் என்பவர், மின்சாரம் பாய்ந்த நீரில் பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்டு வளர்வதைக் கண்டு, மின்முனையின் பிளாட்டினமே காரணம் என்று அறிந்தார். அதிலிருந்து பிறந்த மருந்து சிஸ்பிளாட்டின். 1974-இல் இண்டியானாவில் ஐன்ஹார்ன் அதனை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கலானார். அதற்கு முன்பு பரவிய விரைப் புற்று இளைஞர்களுக்குப் பெரும்பாலும் மரண ஓலை. பின்பு பெரும்பாலும் குணமாகும் நோய். யுவராஜ் சிங்குக்குச் சிகிச்சை நடந்ததும் அந்த ஐன்ஹார்னின் மேற்பார்வையிலேயே. இன்று சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு, பிளியோமைசின் என்ற மூன்றும் வழக்கில் உள்ளன. மூன்று வாரங்களுக்கு ஒரு சுற்றாக, மூன்று அல்லது நான்கு சுற்றுகள். இவை நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. மீடியாஸ்டின செமினோமாவில் 10-க்கு 9 பேர் வரை பிழைக்கின்றனர். மற்ற வகை கடினமானது. ஏறத்தாழப் பாதிப்பேர் நெடுநாள் வாழ்கின்றனர். அவ்வகையினருக்கு மருந்து முடிந்தபின் எஞ்சிய கட்டியை அறுத்து நீக்குவதும் அவசியம். பிளியோமைசின் சிலருக்கு நுரையீரலைக் கெடுக்குமாதலால், மார்பில் பெரிய அறுவை வரவிருப்போருக்கு அதற்குப் பதில் வேறு மருந்து கொடுப்பாரும் உண்டு. பிளியோமைசின் பெற்றவர், பிற்காலத்தில் எந்த அறுவைக்குச் சென்றாலும் அதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து தொடங்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றைக் குடும்பத்தார் பேசக் கூசுவர். இம்மருந்துகள் விந்தணு உற்பத்தியைச் சில காலமோ, நிரந்தரமாகவோ குறைக்கக்கூடும். ஆகவே முதற்சுற்றுக்கு முன்பே விந்தைக் குளிர்நிலையில் சேமித்து வைக்கலாம். ஒன்றிரண்டு நாட்களில் முடியும் வேலை. டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். மணமாகாத மகனிடம் தாயார் பேசத் தயங்கினால், தாய்மாமனோ அண்ணனோ பேசட்டும்.

மூன்றாவது வினா எஞ்சியிருக்கிறது: ஊருக்குப் போகலாமா? உற்றார் நடுவே இருந்து வைத்தியம் செய்துகொள்வது மனத்துக்குத் தெம்பு. மகனுக்கு வேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கவும், இரவில் பக்கத்தில் இருக்கவும் ஆள் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் முகம் வீங்கி மூச்சு வாங்கும் ஒருவரை இரண்டு இரவு ரயிலில் ஏற்றுவது கூடாது. நோய்நிர்ணயம் முடிந்து, முதற்சுற்றின் பின் மூச்சு தெளிந்தபிறகு, டாக்டரின் சம்மதத்தோடு இடம் மாறலாம். அடுத்த சுற்றின் தேதி மட்டும் தவறக்கூடாது. 21 நாட்களுக்கு ஒருமுறை என்றால் 21 நாட்களே. திருவிழாவுக்காகவோ, நாள் நட்சத்திரம் பார்த்தோ அதைத் தள்ளிவைத்தால் கட்டி மறுபடி தலைதூக்கும். சென்னை அடையாற்றில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையமும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி ஜிப்மரும் தெற்கே உண்டு. மும்பையில் 1941 முதல் டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லியில் 1956 முதல் எய்ம்ஸும் இருக்கின்றன. இவற்றுள் எங்கே தொடங்கினாலும் நன்றே. தொடங்கிய இடத்தில் முடிப்பது அதனினும் நன்று.

இடம் மாறுவதாயின் கையில் இருக்கவேண்டியவை: ஸ்கேன் படங்கள் அடங்கிய தட்டு, சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையின் எண்கள், திசு அறிக்கை, மெழுகில் பதித்த திசுத் துண்டும் கண்ணாடித் தகடும், எந்த மருந்து எந்தத் தேதியில் எவ்வளவு ஏறிற்று என்ற குறிப்பு. திசுத் துண்டு நோயாளிக்கு உரியது, கேட்டால் கொடுப்பார்கள். இரண்டாவது ஊரில் மறுபடி ஊசி குத்தும் தொல்லையும் காலவிரயமும் அதனால் நீங்கும்.

செலவைப் பற்றியும் அம்மையார் கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். தொழிற்சாலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டானால் முதலில் அந்த அட்டையைக் கொண்டு போகவேண்டும். 2018-இல் ஏற்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சொந்த மாநிலத்துக்கு வெளியேயும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அது செல்லும். பெரிய மருத்துவமனைகளில் சமூக சேவகர் என்ற பெயரில் ஓர் அலுவலர் இருப்பார். பணம் கட்டும் ஜன்னலுக்குப் போகுமுன் அவரைப் பார்ப்பது நல்லது. ஹிந்தியோ மராத்தியோ பேச வராத பெற்றோர் தனியே போக வேண்டியதில்லை. நமது சங்க அலுவலகத்தில் சொன்னால், மொழி தெரிந்த அன்பர் ஒருவர் உடன் வருவார்.

அடுத்த இதழில், பலர் கேட்டிருக்கும் தைராய்டு வீக்கத்தைப் பற்றி எழுதுவோம்.